மனுவில் எதை எழுதுவது: வளாகமா, ஆய்வகமா, சோதனை மேசையா?

எனக்குப் பழக்கமான ஒரு சிறு நகரத்தில் வியாபாரிகளும் பட்டறைக்காரர்களும் சேர்ந்து அமைச்சரிடம் கொடுக்க ஒரு மனு தயாரித்தார்கள். எழுதித் தரும் வேலை என் தலையில் விழுந்தது. முதல் கோரிக்கை என்ன என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லை: "எங்கள் மாவட்டத்துக்கு ஒரு பல்கலைக்கழகம் வேண்டும்." எதற்காக என்று நான் கேட்ட பிறகுதான் சிக்கல் தொடங்கியது. நிலம் வாங்கி விற்பவர், புறவழிச்சாலையை ஒட்டிய மனைகள் விலை ஏறும் என்றார். மெஸ் நடத்துபவர், ஆயிரம் பிள்ளைகள் மூன்று வேளை சாப்பிட்டால் என்ன ஆகும் என்று கணக்குப் போட்டார். பவுண்டரி வைத்திருப்பவர், "வார்ப்புல குமிழி விழுந்து மாசாமாசம் சரக்கு திரும்பி வருது. ஏன்னு சொல்ல ஒரு படிச்ச ஆள் ஊர்ல இருந்தா போதும்" என்றார். இரண்டு பெண் பிள்ளைகளின் அப்பா ஒருவர், அவர்களை வெளியூர் விடுதியில் விட மனசில்லை என்றார்.

நான்கு பேரும் சொன்ன சொல் ஒன்றுதான், கேட்ட பொருள்தான் வேறு வேறு. நான்குமே நியாயமானவை. ஆனால் ஒரே கட்டடம் நான்கையும் கொண்டுவந்துவிடும் என்று நம்புவதில்தான் கோளாறு. தமிழ்நாட்டில் இந்தச் சோதனையைப் பல ஊர்கள் ஏற்கெனவே செய்து பார்த்துவிட்டன. சில ஊர்களுக்கு நூறு ஆண்டு அனுபவம்கூட உண்டு. அவற்றை வரிசையாக வைத்துப் பார்த்துவிட்டு எழுதுகிறேன் என்று இரண்டு வாரம் தவணை வாங்கினேன்.

வளாகம் வந்தால் வரும் பணம்

மனைக்காரரும் மெஸ்காரரும் சொன்னது பொய் இல்லை. சிதம்பரத்தில் 1929-ல் அண்ணாமலை செட்டியார் பல்கலைக்கழகத்தைத் தொடங்கியபின் ரயில் நிலையத்துக்கு அந்தப் பக்கம் அண்ணாமலைநகர் என்று தனி ஊரே எழுந்தது. வேலூரில் ஐடா ஸ்கட்டர் 1900-ல் ஒரு சின்ன மருந்தகமாகத் தொடங்கியது இன்றைக்கு சி.எம்.சி. மருத்துவமனையும் கல்லூரியும். அதைச் சுற்றியுள்ள தெருக்களில் நடந்தால் லாட்ஜ் பலகைகள் வங்காளியிலும் இந்தியிலும் இருக்கும். மேற்கு வங்கத்திலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் வங்கதேசத்திலிருந்தும் வரும் நோயாளிகளும் அவர்களோடு வரும் சொந்தக்காரர்களும் வாரக்கணக்கில் தங்குகிறார்கள். மீன் குழம்பு ருசிகூட அவர்களுக்காக மாறியிருக்கிறது.

இதன் சூத்திரம் எளிது. வெளியில் சம்பாதித்த பணம் இந்த ஊரில் வந்து செலவாக வேண்டும். அரசு தரும் சம்பளம், மாணவர் கட்டும் வாடகை, ஆட்டோ, ஜெராக்ஸ் கடை, டீக்கடை எல்லாம் அந்தக் கணக்கில்தான் வரும். செலவான பணம் ஊருக்குள் எத்தனை கை மாறுகிறது என்பதுதான் அடுத்த கேள்வி. பேராசிரியர் பக்கத்துப் பெருநகரத்திலிருந்து தினமும் காரில் வந்து போனால் அவருடைய சம்பளம் மாலையில் அவரோடு திரும்பிவிடும். விடுதிக்கு அரிசியும் காய்கறியும் வெளியூர் ஒப்பந்தக்காரர் இறக்கினால் ஊர்ச் சந்தைக்கு ஒன்றும் இல்லை. அதனால் வளாகம் ஊரிலிருந்து 12 கிலோமீட்டர் தள்ளி, மலிவான புறம்போக்கில் அமைகிறபோது ஆதாயம் பெரும்பாலும் மனைக்காரரோடு நின்றுவிடுகிறது. எந்த நாளிதழையும் விரித்துப் பாருங்கள், "கல்லூரிக்கு மிக அருகில்" என்ற விளம்பரம் கல்லூரிக்கு முன்னால் வந்துவிட்டிருக்கும்.

இந்த வழியில் இன்னொரு ஆபத்தும் உண்டு. ஒற்றைக் காலில் கட்டிய பந்தல் இது. நிதி நெருக்கடி முற்றி, 2013-ல் தமிழ்நாடு அரசு தனிச் சட்டம் கொண்டுவந்து அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தை ஏற்றுக்கொண்டது. தேவைக்கு மேல் இருந்த ஆசிரியர்களும் ஊழியர்களும் மாநிலம் முழுக்கப் பல அரசுக் கல்லூரிகளுக்கும் அலுவலகங்களுக்கும் மாற்றப்பட்டார்கள். ஒரு குடும்பம் இடம் மாறினால் ஒரு வாடகை வீடு காலியாகும். அத்தனை குடும்பம் மாறும்போது கடைத்தெருவுக்கு அது தெரியும்.

எனக்கு உறுத்துவது வேறொன்று. பொறியியல், வேளாண்மை, மருத்துவம், இசை என்று இத்தனை துறைகளை வளர்த்த பல்கலைக்கழகம் அது. 90 ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது. பம்பு என்றால் கோவை, பனியன் என்றால் திருப்பூர் என்று சொல்வதைப்போலச் சிதம்பரத்தின் பெயரோடு சேர்த்துச் சொல்ல ஒரு தொழில் கிடையாது. பல்கலைக்கழகம் தன் கடமையைச் செய்யவில்லை என்று இதற்குப் பொருள் இல்லை. அது படிக்க வைத்தவர்கள் உலகமெல்லாம் இருக்கிறார்கள். உலகமெல்லாம் இருக்கிறார்கள் என்பதுதான் ஊரின் பார்வையில் பிரச்சினையும்.

கேம்பஸ் இன்டர்வியூ நடக்கும் நாளில் எந்தக் கல்லூரி வாசலிலும் நின்று பாருங்கள். சென்னையிலிருந்தும் பெங்களூருவிலிருந்தும் ஆட்கள் வந்து இறங்கி, ஊர்ப் பிள்ளைகளைத் தேர்ந்தெடுத்துக்கொண்டு போவார்கள். குடும்பத்துக்கு அது விடிவு. பெற்றவர்களுக்குப் பணம் வரும், வீட்டுக்கு மாடி ஏறும். மாவட்டத்தின் தொழிலுக்கு மட்டும் ஓர் ஆள் குறைந்திருப்பார்.

பெண்களின் அப்பா கேட்டது இதிலிருந்து தனியாகப் பிரித்துப் பார்க்க வேண்டியது. 2021-22 ஆம் ஆண்டுக்கான அகில இந்திய உயர்கல்வி ஆய்வின்படி உயர்கல்வியில் சேருபவர்களின் விகிதம் தமிழ்நாட்டில் 47 சதவீதம். நாட்டின் சராசரி 28.4. வீட்டிலிருந்து பஸ்ஸில் போய்வரக்கூடிய தூரத்தில் கல்லூரிகள் இருந்ததற்கு இந்த இடைவெளியில் பெரும் பங்கு உண்டு என்று நம்புகிறேன். ஆனால் அதற்குத் தேவை நல்ல அரசுக் கல்லூரி, பெண்கள் விடுதி, காலையில் நேரத்துக்கு வரும் பஸ். துணைவேந்தரும் ஆட்சிக்குழுவும் பட்டமளிப்பு மண்டபமும் இல்லாமலே இதைச் செய்யலாம். பெயர்ப்பலகை மாறுவதால் மட்டும் என்ன நடக்கும் என்பதையும் பார்த்திருக்கிறோம். அண்ணா பல்கலைக்கழகத்தை ஊருக்கொன்றாகக் கோவை, திருச்சி, திருநெல்வேலி என்று பிரித்தார்கள், சில ஆண்டுகளில் மீண்டும் ஒன்றாகச் சேர்த்தார்கள். பிரித்தபோதும் சேர்த்தபோதும் அந்தந்த ஊர்ப் பட்டறைகளில் யாரும் திரும்பிக்கூடப் பார்த்ததாகத் தெரியவில்லை.

காரைக்குடி தரும் பாடம்

"பல்கலைக்கழகம் வேண்டாம் என்றால் மத்திய அரசின் பெரிய ஆய்வகம் ஒன்றைக் கேட்போம்" என்றார் கூட்டத்தில் இருந்த ஓய்வுபெற்ற ஆசிரியர். அவர் மனதில் இருந்தது காரைக்குடி.

அதைப் பற்றிப் பேசும்போது அழகப்பச் செட்டியாரை வணங்காமல் தாண்டக் கூடாது. 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் தருகிறேன், ஆய்வகத்தை எங்கள் ஊருக்குக் கொடுங்கள் என்று கேட்டு வாங்கியவர் அவர். 1948 ஜூலையில் நேரு அடிக்கல் நாட்டினார். 1953 பொங்கல் நாளில் ராதாகிருஷ்ணன் திறந்துவைத்தார். மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம், சுருக்கமாக சிக்ரி. துருப்பிடித்தல், மின்முலாம், பாட்டரி ஆகியவற்றில் நாட்டின் முதன்மையான ஆய்வகம். கான்கிரீட்டுக்குள் போகும் கம்பியில் துரு ஏறாமல் இருக்கப் பூச்சு கண்டுபிடித்தார்கள். பி.டெக். வகுப்பும் நடத்துகிறார்கள். பக்கத்திலேயே அழகப்பா பல்கலைக்கழகம், பொறியியல் கல்லூரி, பாலிடெக்னிக். காகிதத்தில் எழுதினால் ஒரு தொழில் நகரத்துக்கு வேண்டிய எல்லாம் இருக்கின்றன.

அப்படியானால் காரைக்குடியைச் சுற்றி பாட்டரிக் கம்பெனிகளின் வரிசை எங்கே?

2018-ல் சிக்ரியின் லித்தியம் அயனி பாட்டரித் தொழில்நுட்பத்தை வாங்க பெங்களூரு நிறுவனம் ஒன்று ஒப்பந்தம் போட்டது. தொழிற்சாலை எங்கே வைக்க நினைக்கிறார்கள் என்ற கேள்விக்கு அப்போது வந்த பதில், கிருஷ்ணகிரி மாவட்டம். அவர்கள் பக்கம் நின்று பார்த்தால் சரியான பதில்தான். ஓசூரில் வண்டிக் கம்பெனிகள் இருக்கின்றன, பெங்களூரு கைக்கெட்டும் தூரம், உதிரிபாகம் செய்பவர்கள் அங்கே தெருத் தெருவாக இருக்கிறார்கள். காரைக்குடியிலிருந்து அவர்களுக்குத் தேவைப்பட்டது உரிமமும் செய்முறை ஆவணங்களும்தான். அவை ஒரு பைக்குள் அடங்கும். லித்தியம் அயனி செல்களைச் செய்து பார்க்கும் கூடத்தைச் சிக்ரியே சென்னைத் தரமணியில் உள்ள தன் கிளையில்தான் வைத்திருக்கிறது.

இதற்காகச் சிக்ரியைக் குறை சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. தேசிய ஆய்வகத்தின் வேலை தேசத்துக்கு. கோவைக் கரும்பு ஆராய்ச்சி நிலையத்தைப் பாருங்கள். கோவைத் தட்பவெப்பத்தில் கரும்பு நன்றாகப் பூக்கிறது, கலப்பினம் செய்யத் தோதானது என்பதால் 1912-ல் அங்கே வைத்தார்கள். அங்கே பிறந்த கோ 205 ரகம் 1918-ல் பஞ்சாபுக்காக வெளியானது. வட இந்தியாவின் கரும்புக் காடுகளை மாற்றி எழுதியது கோவையின் பூ. நாட்டுக்கு எவ்வளவு பெரிய லாபம்! ஆனால் "எங்கள் மாவட்டம் வளர" என்று மனு எழுதுகிறவர் இதைக் கணக்கில் வைக்க வேண்டும். அறிவு பிறந்த வீட்டில் தங்குவதில்லை, வேலை இருக்கும் இடத்துக்குப் போய்விடுகிறது.

விதிவிலக்கு ஒன்று ராமநாதபுரத்திலேயே இருக்கிறது. மண்டபத்தில் மத்திய உப்பு, கடல்சார் வேதிப்பொருள் ஆராய்ச்சி நிறுவனத்தின் ஒரு கிளை உண்டு. அவர்கள் வளர்த்துக் காட்டிய காப்பாஃபைகஸ் என்ற கடற்பாசியை 2000-ஐ ஒட்டிய ஆண்டுகளில் பெப்சி நிறுவனம் எடுத்துக்கொண்டது. மூங்கில் மிதவை கட்டிக் கடலில் விட்டு வளர்க்க வேண்டும். மீனவப் பெண்களின் சுய உதவிக் குழுக்கள் அந்த வேலைக்கு வந்தன. அது குருசடைத் தீவுப் பவளப்பாறைகளில் படர்ந்துவிட்டது என்ற சண்டை தனி, அதற்குள் இங்கே போகவில்லை. நான் கவனித்தது இதுதான்: பாட்டரியை எங்கேயும் செய்யலாம், கடற்பாசியை அந்தக் கடலில்தான் வளர்க்க முடியும். ஆய்வகத்தின் பொருள் அந்த மண்ணோடும் நீரோடும் ஒட்டியிருந்தால் ஆதாயம் ஊரில் தங்குகிறது. எங்கள் மனுக்காரர்களின் ஊரில் அப்படி எந்தக் கடலும் இல்லை.

ஆராய்ச்சிப் பூங்கா என்ற ஆசை

கூட்டத்தில் இருந்த இளைஞர்களின் வாக்கு ஆராய்ச்சிப் பூங்காவுக்குத்தான், அதாவது கல்வி நிறுவனத்தை ஒட்டிக் கம்பெனிகள் இடம் எடுத்து அதோடு சேர்ந்து வேலை செய்யும் வளாகத்துக்கு. சென்னை ஐ.ஐ.டி. 2010-ல் தரமணியில் திறந்த ஆராய்ச்சிப் பூங்கா இதற்கு நல்ல உதாரணம், அதில் எனக்குப் பிடித்த விதியும் ஒன்று உண்டு. அங்கே இடம் எடுக்கும் கம்பெனி வாடகை கட்டினால் மட்டும் போதாது. ஐ.ஐ.டி.யோடு சேர்ந்து ஆராய்ச்சி செய்தோ, மாணவர்களை வேலையில் பழக்கியோ ஆண்டுதோறும் இத்தனை புள்ளி சேர்த்தாக வேண்டும். இல்லாவிட்டால் அது வெறும் அலுவலகக் கட்டடம் ஆகிவிடும் என்பதை முன்னாலேயே யோசித்திருக்கிறார்கள். ராக்கெட் செய்யும் அக்னிகுல் அங்கே வளர்ந்ததுதான்.

ஆனால் அதே ஐ.ஐ.டி.யில் முளைத்த ஏத்தர் ஸ்கூட்டர் கம்பெனி பெங்களூருவுக்குப் போய், தொழிற்சாலையை ஓசூரில் வைத்தது. சென்னை மாதிரி நகரத்தாலேயே பிடித்து வைக்க முடியாததை நம் சிறு நகரம் எதைக் கொண்டு பிடித்து வைக்கும்? பூங்காவுக்குப் பின்னால் ஓர் ஐ.ஐ.டி. இருக்க வேண்டும், முன்னால் முதலீட்டாளர்கள் இருக்க வேண்டும். 2024-ல் விழுப்புரம் மாவட்டத்தில் திறந்த மினி டைடல் போன்றவற்றையும் சிலர் ஆராய்ச்சிப் பூங்கா என்றே நினைத்துக்கொள்கிறார்கள். அவை ஐ.டி. கம்பெனிகளுக்கான நல்ல அலுவலகக் கட்டடங்கள். ஊர்ப் பிள்ளைகள் சிலர் சென்னைக்குப் போகாமல் அங்கேயே வேலை பார்க்கலாம், அது நல்ல காரியம். பவுண்டரிக்காரரின் குமிழிக்கு அங்கே பதில் கிடைக்காது. இந்த வழியை நான் சீக்கிரமே ஒதுக்கி வைத்தேன்.

நாமக்கல்லின் வாராந்திர அறிக்கை

நாமக்கல் பக்கத்துக்காரர்களுக்கு நாளிதழில் வழக்கமாக வரும் ஒரு சின்னச் செய்தி தெரியும். அடுத்த சில நாட்களுக்கு வெயில் எவ்வளவு, காற்று எந்தத் திசை, ஈரப்பதம் எத்தனை சதவீதம். அப்புறம் சென்ற வாரம் நோய் ஆய்வகத்துக்கு வந்த இறந்த கோழிகள் எதனால் இறந்தன. அதனால் தீவனத்திலும் தண்ணீரிலும் பண்ணைக்காரர்கள் என்ன மாற்ற வேண்டும். கால்நடை மருத்துவக் கல்லூரி வெளியிடுவது. அந்தச் செய்தியில் அறிவியலும் இருக்கிறது, நாளைக் காலையில் செய்ய வேண்டிய வேலையும் இருக்கிறது. பிராந்தியப் பொருளாதார வளர்ச்சியில் பல்கலைக்கழகத்தின் பங்கு என்று யாராவது என்னிடம் கேட்டால் இந்தப் பத்துவரிச் செய்தியைத்தான் முதலில் காட்டுவேன்.

அந்தக் கல்லூரி 1985-ல் வந்தது. கோழிப்பண்ணைகள் அதற்கு முன்பே வந்துவிட்டன. மழை குறைந்த அந்தப் பூமியில் விவசாயிகள் கோழிக்குத் திரும்பி, கூண்டு வைத்து, தீவனம் அரைத்து, லாரியில் முட்டை ஏற்றத் தொடங்கியிருந்தார்கள். அதனால் கல்லூரி திறந்த அன்றே வாசலில் கேள்விகள் வரிசையில் நின்றன. வந்து இறங்கிய மக்காச்சோளத்தில் பூஞ்சை நச்சு எவ்வளவு? இந்தத் தடுப்பூசி ஏன் பிடிக்கவில்லை? கோடையில் முட்டை ஓடு ஏன் மெலிகிறது? ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஆயிரக்கணக்கான கோழிகளும் வங்கிக் கடனும் இருக்கின்றன. பதில் ஒரு நாள் தாமதமானால் எவ்வளவு நட்டம் என்பது பண்ணைக்காரருக்குப் பைசா சுத்தமாகத் தெரியும். அப்படிக் கணக்குத் தெரிந்தவர் பரிசோதனைக்குக் கட்டணம் கொடுக்கத் தயங்க மாட்டார்.

படித்து முடிக்கிறவர்களுக்கும் அங்கே ஊருக்குள்ளேயே வேலை இருக்கிறது. தீவன ஆலை, குஞ்சு பொரிப்பகம், மருந்துக் கம்பெனி, பண்ணை ஆலோசனை. பட்டம் வாங்கியவர் பெட்டியைக் கட்டிக்கொண்டு கிளம்பியாக வேண்டிய கட்டாயம் இல்லை.

கோவையின் கதையும் இதே வரிசைதான், ஆனால் இன்னும் நீளம். பருத்தி விளையும் கரிசல், 19-ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே வந்த ஆலை, 1930-களில் பைகாரா மின்சாரம், அந்த மின்சாரத்தில் ஓடிய கிணற்று மோட்டார்கள். ஆலைக்கும் மோட்டாருக்கும் பழுது பார்க்க ஆள் வேண்டும். 1926-ல் ஏற்படுத்திய பி.எஸ்.ஜி. அறக்கட்டளை ஒரு தொழிற்கூடத்தைத் தொடங்கியது. பம்பும் மோட்டாரும் அங்கே உண்மையிலேயே தயாரித்து விற்கப்பட்டன. பொறியியல் கல்லூரி 1951-ல்தான் வந்தது, அதுவும் அந்தத் தொழிற்கூடத்தின் பக்கத்திலேயே. பாதி நேரம் வகுப்பு, பாதி நேரம் பட்டறை என்று ஐந்தாண்டு சாண்ட்விச் படிப்பை அவர்கள் வைத்ததற்குக் காரணம் அந்தப் பக்கத்து இருப்புதான். ஜி.டி. நாயுடு 1945-ல் தொழில்நுட்பப் பயிற்சிக்கு வழி செய்தார். 1956-ல் ஆலைக்காரர்களே சேர்ந்து சிட்ரா என்ற ஜவுளி ஆராய்ச்சி நிலையத்தை அமைத்தார்கள். ஒவ்வோர் ஆலையின் உற்பத்தியையும் செலவையும் மற்ற ஆலைகளோடு ஒப்பிட்டு, நீ எங்கே பின்தங்கியிருக்கிறாய் என்று சொல்வது அதன் முக்கிய வேலைகளில் ஒன்று. போட்டியாளர்கள் தங்கள் கணக்கை ஒரே மேசையில் கொண்டுவந்து கொட்டினார்கள் என்பதை நினைத்தால் இன்றும் ஆச்சரியமாக இருக்கிறது.

ஆக, கல்லூரி தொழிலைக் கொண்டுவந்தது என்று கோவையைக் காட்டி மனு எழுதுகிறவர்கள் வண்டியை மாட்டுக்கு முன்னால் கட்டுகிறார்கள். தொழில் கல்லூரியை இழுத்து வந்தது, கல்லூரி பிறகு தொழிலைத் தூக்கிவிட்டது.

வேளாண்மையில் இதற்கு ஒரு பெயரே உண்டு: விரிவாக்கம். அமெரிக்காவில் 1862-ல் நிலம் கொடுத்து மாநிலக் கல்லூரிகளை வளர்த்தார்கள். அரை நூற்றாண்டு கழித்து, கல்லூரியில் இருப்பது வயலுக்குப் போகவில்லை என்று தெரிந்து, 1914-ல் விரிவாக்கப் பணிக்குத் தனிச் சட்டம் போட்டார்கள். நம் நாட்டின் முதல் வேளாண் அறிவியல் நிலையம் 1974-ல் புதுச்சேரியில், கோவை வேளாண் பல்கலைக்கழகத்தின் கீழ் தொடங்கியது. நெல்லுக்கும் ஆட்டுக்கும் இப்படி ஓர் ஏற்பாடு மாவட்டந்தோறும் இருக்கிறது. லேத் பட்டறைக்கும் அரிசி ஆலைக்கும் ஏன் இல்லை?

எதுவுமே வேண்டாம் என்றால்?

கூட்டத்தில் ஒரு பெரியவர் கேட்டார்: "திருப்பூர்ல எந்தப் பல்கலைக்கழகம் இருந்துச்சு? சிவகாசியில எந்தக் காலேஜ் தீப்பெட்டி சொல்லிக் குடுத்துச்சு?" நல்ல கேள்வி. 1922-ல் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவுக்கு ரயிலேறிப் போய்த் தீப்பெட்டித் தொழிலைக் கற்றுவந்து சிவகாசியில் தொடங்கினார்கள். திருச்செங்கோட்டு ஆழ்துளை வண்டிகளும் நாமக்கல் லாரி பாடியும் அப்படித்தான், ஒருவர் செய்ததைப் பார்த்து இன்னொருவர். ஊரிலிருந்து நாலு பேரை வெளியே அனுப்பிக் கற்றுவரச் சொல்வது இன்றைக்கும் மலிவான வழி. பல மனுக்களைவிட அது வேகமாகப் பலன் தரும்.

ஆனால் அந்த வழிக்கு ஓர் எல்லை இருக்கிறது, அதைத் திருப்பூரே காட்டியது. 2011 ஜனவரியில் உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னபோது, நொய்யலில் விடும் உப்பு நீரை என்ன செய்வது என்பதை யாரும் ரயிலேறிப் போய்க் கற்றுவர முடியவில்லை. அந்த அளவில் அதைத் தீர்த்தவர்கள் எங்கும் அதிகம் இல்லை. பாலாற்றங்கரைத் தோல் பதனிடும் ஊர்களுக்கும் 1990-களில் உச்ச நீதிமன்ற வழக்கில் இதே நிலைதான் வந்தது. தனி ஆளுக்கு லாபம் தரும் நுட்பத்தைத் தனி ஆள் தேடிப் போய்க் கொண்டுவருவார். எல்லோரும் சேர்ந்து கெடுத்த ஆற்றைச் சரிசெய்யும் நுட்பத்தைத் தேடிப் போக யாருக்கும் தனியாக ஆதாயம் இல்லை. அங்கேதான் பொதுப் பணத்தில் நடக்கும் கல்லூரியும் ஆய்வகமும் இல்லாமல் முடியாது. பெரியவர் பாதி சரி.

நான் எழுதிய மனு

கடைசியில் என் முடிவு சாதாரணமானது. ஊரில் ஏற்கெனவே ஒரு தொழிலும் அந்தத் தொழிலுக்குத் தீராத கேள்விகளும் இருந்தால் முதலில் கேட்க வேண்டியது சோதனை மேசை, அதாவது நாமக்கல்லில் போல ஊர்த் தொழிலின் கேள்விகளைச் சோதித்துப் பதில் சொல்லும் ஓர் இடம். அந்த ஊரில் மட்டுமே செய்யக்கூடிய பொருள் ஏதாவது இருந்தால் ஆய்வகம் கேட்கலாம். தொழிலே இல்லாத ஊர் என்றால் வளாகத்தைக் கேட்பதில் தவறில்லை. ஆனால் கிடைக்கப்போவது வாடகையும் மெஸ்ஸும் என்று தெரிந்து கேட்க வேண்டும், அதையும் ஊருக்கு நடுவில் கேட்க வேண்டும்.

எங்கள் ஊரில் பவுண்டரிகளும் லேத் பட்டறைகளும் அரிசி ஆலைகளும் இருக்கின்றன. ஓர் அரசு பாலிடெக்னிக்கும் ஓர் அரசுக் கலைக் கல்லூரியும் இருக்கின்றன. ஆகவே முதல் கோரிக்கையாக, பாலிடெக்னிக்கில் வார்ப்பு அச்சுக்கான மணல் சோதனை, உலோகக் கலவை சோதனை, அளவு சரிபார்ப்பு ஆகியவற்றுக்கு ஒரு கூடம் என்று எழுதினேன். கருவி மட்டும் கேட்டால் போதாது என்பது எனக்கு அனுபவப் பாடம். நான் பார்த்த ஒரு கல்லூரியில் விலை உயர்ந்த கருவி ஒன்று திறப்பு விழா ரிப்பனோடு பூட்டிய அறையில் இருந்தது. ஆண்டுப் பராமரிப்புக்குப் பணம் இல்லை, இயக்கத் தெரிந்தவர் மாற்றலாகிப் போய்விட்டார். அதனால் நிரந்தரமாக இரண்டு டெக்னீஷியன், அவர்களில் ஒருவர் பட்டறையில் வேலை பார்த்தவர், என்று சேர்த்தேன். சோதனைக் கூடங்களுக்கான தேசிய அங்கீகாரமான என்.ஏ.பி.எல். வேண்டும், இல்லாவிட்டால் சரக்கை வாங்குகிற கம்பெனி அந்த ரிப்போர்ட்டை மதிக்காது. கட்டணம் உண்டு, அந்தப் பணம் கருவூலத்துக்குப் போகாமல் கூடத்திலேயே இருக்க வேண்டும். ரிப்போர்ட் தமிழிலும் வேண்டும். என்ன குறை என்பதோடு என்ன செய்ய வேண்டும் என்று ஒரு வரியும் அதில் இருக்க வேண்டும்.

எழுத முடியாத சிக்கல்களும் இருந்தன. ஆசிரியருக்குப் பதவி உயர்வு ஆய்வுக் கட்டுரை எண்ணிக்கையில் கிடைக்கிறது, பவுண்டரியில் குமிழி குறைந்ததற்குக் கிடைப்பதில்லை. இதை ஒரு மாவட்ட மனு மாற்ற முடியாது. பட்டறைக்காரர்கள் பக்கமும் ஒரு பயம் உண்டு: தன் சரக்கின் குறை எதிர்க்கடைக்காரருக்குத் தெரிந்துவிடுமோ என்று. சிட்ராவில் ஆலைக்காரர்கள் தாண்டிய அந்தத் தயக்கத்தை இவர்கள் தாண்டுவார்களா என்பதில் எனக்கு முழு நம்பிக்கை இல்லை. ஒப்பிட்டுப் பார்த்த வழிகளிலேயே செலவு குறைந்ததும் சீக்கிரம் பலன் தருவதும் இதுதான் என்றாலும், ஆட்கள் சரியாக அமையாவிட்டால் மிகச் சுலபமாகச் செத்துப்போவதும் இதுதான்.

இரண்டாவது கோரிக்கை அரசுக் கலைக் கல்லூரிக்குப் பெண்கள் விடுதியும் முதுநிலை வகுப்புகளும். பெண்களின் அப்பா உடனே கையெழுத்துப் போட்டார். மனைக்காரர் மட்டும் படித்துவிட்டு, "இதுல அமைச்சர் அடிக்கல் நாட்ட என்ன இருக்கு?" என்றார். கிண்டலாகக் கேட்கவில்லை. அடிக்கல் இல்லாத திட்டத்துக்குக் கோப்பு நகராது என்பது அவருடைய இத்தனை வருட அனுபவம். அதனால் கூடத்துக்கு ஒரு தனிக் கட்டடம் என்று மூன்றாவதாக ஒரு வரி சேர்த்தோம்.

மனு கோட்டையில் இருக்கிறது. பவுண்டரிக்காரர் காத்திருக்கவில்லை. ஒரு பாலிதீன் பையில் மணலை அள்ளிக் கட்டிக் கோவைக்கு அனுப்பினார். நான்கு நாள் கழித்துப் பதில் வந்தது: மணலில் ஈரம் கூடுதல்.